பிரித்துப் பார்த்த பிள்ளை

சென்னை சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி செல்லும் புறநகர் ரயில் தடத்தில் நிலையங்களின் பெயர்களே ஒரு தொழில் வரலாற்றைச் சொல்லிவிடும். திருவொற்றியூரை அடுத்து வரும் விம்கோ நகர், ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதன் பின் கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டுப் புதுநகர், அத்திப்பட்டு. திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும், எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரியும் உருவான வட்டாரம் இது. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம் எழுந்தது. 210 மெகாவாட் திறனுள்ள 3 அலகுகளும், பின்னர் சேர்ந்த 600 மெகாவாட் திறனுள்ள 2 அலகுகளும் தமிழகத்தின் வீடுகளுக்கு வெளிச்சம் தருகின்றன.

இந்தப் புகைபோக்கிகளின் நிழலில் வளரும் குழந்தைகள் நிலக்கரி வண்டிகளைத் தினமும் பார்க்கிறார்கள். மொட்டை மாடியில் படியும் சாம்பலையும் அறிவார்கள். ஆனால் நின்றுபோன ஒரு மேசை விசிறியின் திருகாணியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த குழந்தைகள் அவர்களில் மிகக் குறைவு. விசிறி நின்றால் கடைக்குப் போகும். அல்லது குப்பைக்குப் போகும். குழந்தையின் கைக்குக் கிடைப்பது கைப்பேசி ஒன்றுதான். மின்சாரம் பிறக்கும் ஊரிலேயே மின்மோட்டாரின் வயிறு ஒரு புதிராக இருப்பது சிறிய செய்தி அன்று.

இதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் நினைவுக்கு வருபவர் கோவையின் ஜி.டி. நாயுடு. 2025-இல் அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட நீண்ட மேம்பாலத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டதால், புதிய தலைமுறையும் அப்பெயரை உச்சரிக்கத் தொடங்கியிருக்கிறது. பெயரை அறிந்தால் போதாது. அந்த வாழ்க்கை நம் வீடுகளைப் பார்த்துக் கேட்கும் கேள்வியையும் அறிய வேண்டும்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் தேதி, கோவையை அடுத்த சூலூருக்கு அருகிலுள்ள கலங்கல் என்ற சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. மணலைப் பரப்பி அதில் விரலால் எழுத்துப் பழகிய காலம் அது. எழுதுவதற்குக் கொடுத்த மணலை ஆசிரியர் மீதே வீசிவிட்டு ஓடினார் என்று அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. முறையான படிப்பு தொடக்கப் பள்ளியின் சில வகுப்புகளோடு முடிந்தது. தந்தையின் நிலத்தில் வேலை செய்யும் பையனாக அவர் வளர்ந்தார்.

அந்தச் சிற்றூருக்கு ஒரு நாள் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி தானே ஓடுவதை அந்த இளைஞர் முதன்முதலாகக் கண்டார். ஊரில் அந்த வண்டியைப் பார்த்தவர்கள் பலர். வியந்தவர்களும் பலர். அது எப்படி ஓடுகிறது என்ற கேள்வியோடு வீடு திரும்பியவர் அவர் ஒருவரே. வியப்பு சிறிது நேரத்தில் அடங்கிவிடும். கேள்வி அப்படி அடங்காது. அவருக்குள் அது ஆண்டுக்கணக்கில் தங்கியது.

கோவைக்குச் சென்றார், ஓர் உணவகத்தில் பரிமாறுபவராக வேலைக்குச் சேர்ந்தார். உண்ணவும் உடுக்கவும் வேண்டியது போக, எஞ்சிய ஒவ்வொரு காசையும் சேர்த்தார். சேர்த்த பணத்தைக் கொண்டு அதே போன்ற மோட்டார் சைக்கிளை வாங்கினார். அது ரட்ஜ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தின் வண்டி. வாங்கியவர் அதில் ஏறி ஊர் சுற்றவில்லை. அதை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். அவருடைய தொழிற்கல்வி தொடங்கியதும், ஏறக்குறைய நிறைவடைந்ததும் அந்த வண்டியின் முன்னால்தான். விரைவிலேயே மோட்டார் வண்டிகளைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது.

இந்தக் கதையை நாம் மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். ஆனால் அதில் ஒரு வெற்றிடம் இருப்பதைக் கவனிப்பதில்லை. அந்தப் பையனின் அருகில் பெரியவர் ஒருவரும் இல்லை. கழற்றிய உறுப்புகளை வரிசையாகத் துணியில் அடுக்கி வை, இல்லையேல் திரும்பப் பூட்டும்போது ஒன்று மிஞ்சும் என்று சொல்லித் தர யாரும் இல்லை. ஒரு வண்டியைப் பிரித்துப் பார்ப்பதற்காக ஓர் இளைஞர் ஆண்டுக்கணக்கில் தட்டு ஏந்தி உழைக்க வேண்டியிருந்தது. வீட்டில் ஒரு பழைய கடிகாரமும், அதை அவரோடு உட்கார்ந்து திறந்து காட்ட ஒரு பெரியவரும் இருந்திருந்தால் அந்தக் கேள்விக்குப் பத்து வயதிலேயே பாதி விடை கிடைத்திருக்கும்.

அதன் பின் அவர் ஏறிய படிகள் சீரானவை அல்ல. பருத்தித் தொழிலில் இறங்கித் திருப்பூரில் பொருளீட்டினார். பம்பாய்ப் பருத்திச் சந்தையில் அதை இழந்தார். மீண்டும் கோவைக்கு வந்தபோது அவரிடம் எஞ்சியிருந்தது தொழிற்கருவிகளைப் பற்றிய அறிவு மட்டுமே. கோவையின் தொழில் முன்னோடிகளில் ஒருவரான ராபர்ட் ஸ்டேன்ஸ் அந்த அறிவை மதித்தார். அவர் உதவியுடன் 1920-இல் ஒரு பேருந்து வாங்கிப் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டினார். முதலாளியும் ஓட்டுநரும் பழுதுபார்ப்பவரும் அவரே.

அந்த ஒற்றைப் பேருந்து யு.எம்.எஸ். என்ற பெயரில் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1933-இல் அவரிடம் 280 பேருந்துகள் இருந்தன. அவற்றைக் குறித்த நேரத்தில் கிளம்பி, குறித்த நேரத்தில் சேர வைத்தார் என்பது அந்நாளில் பெருஞ்செய்தி. பேருந்தின் ஒவ்வோர் உறுப்பையும் தன் கையால் தொட்டறிந்தவர் நடத்திய நிறுவனம் என்பதால் அது இயன்றது.

1930-களில் அவர் ஐரோப்பா சென்றார். சுற்றுலாப் பயணியாகப் போனாலும் பட்டறைக்காரராகவே திரும்பினார். உலர் மின்கலத்தில் இயங்கும் சிறு மோட்டாரைப் பொருத்திய ரேசன்ட் என்ற சவரக் கருவி அவர் பெயரை வெளிநாட்டிலும் பரப்பியது. மிக மெல்லிய சவர அலகு, பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுக் கருவி என்று அவருடைய ஆக்கங்களின் பட்டியல் நீளும். வேளாண்மையையும் அவர் விட்டுவைக்கவில்லை. பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் புது வகைகளை உருவாக்க முயன்றார். சர் சி.வி. ராமன் போன்ற அறிஞர்கள் அவருடைய பண்ணையை நேரில் வந்து பார்த்தனர்.

1937-இல் கோவையில் உருவான மின்மோட்டார் இவை எல்லாவற்றினும் முதன்மையானது. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து முயன்றதன் விளைவாக வெளிவந்த அது, இந்தியாவில் உள்நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாராகப் போற்றப்படுகிறது. பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம் அப்போது கொங்கு நாட்டை எட்டியிருந்தது. கிணற்று நீரை இறைக்க மோட்டார் தேவைப்பட்டது. தேவையும் மின்சாரமும் கைத்திறனும் ஓரிடத்தில் கூடின. கோவை இன்று பம்புசெட்டுகளின் தலைநகராக விளங்குவதன் வேர் அங்கே இருக்கிறது.

பொருளாதாரம் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 1962-இல் கென்னத் ஆரோ என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர், செய்வதன் வழியே கற்பது என்ற கருத்தை ஒரு கோட்பாடாகவே வகுத்தார். ஒரு பொருளைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது தொழிலாளியிடம் சேரும் அனுபவம், புதிய முதலீட்டைப் போலவே உற்பத்தியைப் பெருக்கும் என்பது அதன் சாரம். கோவையின் பட்டறைகள் அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்தன.

நாயுடுவின் வாழ்வில் தடைகளும் உண்டு. 1941-இல் 5 வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். 1952-இல் இருவர் அமரும் சிறு காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். உரிமம் கிடைக்காமையால் உற்பத்தி நின்றது. வரிவிதிப்பின் மீதும் அனுமதி முறைகளின் மீதும் கசப்புற்று, ஐம்பதுகளில் தன் ஆக்கங்களைப் பொதுமக்கள் முன்னிலையில் தானே உடைத்து நொறுக்கினார். அவருடைய நெருங்கிய நண்பரான பெரியார் உள்ளிட்டோருக்கு அச்செயல் உடன்பாடானதாக இல்லை. செய்தவருக்கே உடைக்கும் உரிமை உண்டு என்று ஒருவர் வாதிடலாம். ஆயினும் பார்த்துக்கொண்டிருந்த சிறுவர்களுக்கு அது நல்ல பாடமாக இருந்திருக்க முடியாது. பிரிப்பது வேறு, உடைப்பது வேறு. பிரித்தவர் திரும்பப் பூட்டுவார்.

1944-இல் தன் போக்குவரத்துத் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, ஈட்டிய பொருளைக் கல்விக்கும் தொழிலாளர் நலனுக்கும் திருப்பினார். அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழிற்கல்வி நிலையங்கள் கோவையில் எழுந்தன. 1945-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. தொடக்கப் பள்ளியையே முடிக்காதவர் ஒரு பொறியியல் கல்லூரியின் முதல்வராக அமர்ந்தார்.

அப்பதவியில் அவர் நெடுநாள் நீடிக்கவில்லை. பொறியியலுக்கு 4 ஆண்டுகள் வீண், 2 ஆண்டுகள் போதும் என்று அவர் வலியுறுத்தினார். அரசு ஏற்கவில்லை, அவர் விலகினார். இதில் அவர் கூறியது முழுவதும் சரி என்று நான் கருதவில்லை. பாலத்தின் பாரத்தைக் கணிக்கும் கணிதத்தைக் கையால் தொட்டு மட்டும் கற்க முடியாது. ஆனால் ஓர் இளைஞனின் ஓராண்டுக்கு ஒரு விலை உண்டு, அந்த ஆண்டில் அவன் ஈட்டியிருக்கக்கூடிய வருமானமும் பெற்றிருக்கக்கூடிய அனுபவமும் அந்த விலையில் சேரும் என்ற கணக்கு அவருக்குப் புரிந்திருந்தது. பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்கிறோம். நம் கல்வித் திட்டங்களை வகுப்போர் பலரும் இன்றளவும் போட்டுப் பார்க்காத கணக்கு அது.

பதவியை விட்டாலும் கற்பிப்பதை அவர் விடவில்லை. குறுகிய காலத்தில் கைத்தொழில் பழக்கும் பயிற்சிகளை இளைஞர்களுக்கு நடத்தினார். 1967-இல் கோவையில் தொழிற்கண்காட்சியை நிறுவினார். தனக்குச் சிறு வயதில் கிடைக்காத அந்தப் பெரியவரின் இடத்தில், பிறர் பிள்ளைகளுக்காகத் தானே போய் அமர்ந்தார் என்று இதைக் கொள்ளலாம். 1974-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி காலமானார்.

இந்த வாழ்க்கையிலிருந்து இரண்டு தவறான முடிவுகளுக்கு எளிதில் வந்துவிடலாம். படிப்பு வேண்டாம், திறமை இருந்தால் போதும் என்பது முதலாவது. 1890-களில் பிறந்து பள்ளியை விட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டில் பல லட்சம் பேர். அவர்களில் ஒருவர் ஜி.டி. நாயுடு ஆனார். மற்றவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. வென்றவரை மட்டும் எண்ணி, விழுந்தவரை எண்ணாமல் விடும் கணக்கு எந்தப் புள்ளியியல் வகுப்பிலும் தேறாது.

இரண்டாவது, குழந்தைகளின் கையில் பெற்றோரின் தொழிலைத் திணிப்பது. தமிழ்நாட்டில் கைத்தொழிலையும் கல்வியையும் சேர்த்துப் பேசும் எவரும் 1953-ஐ மறந்துவிட்டுப் பேச முடியாது. அவ்வாண்டு ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வழிவகுத்தது. குலக்கல்வித் திட்டம் என்று அதற்குப் பெயரிட்டுப் பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் போராடினர். 1954-இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து முதல்வரான காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பின் நியாயம் இன்றும் மங்கவில்லை. சவரத் தொழிலாளியின் மகனும் சலவைத் தொழிலாளியின் மகளும் அதே தொழிலுக்குள் அடைபட வேண்டும் என்று எந்த அரசும் சொல்லக் கூடாது.

எண்ணூர்க் கழிமுகத்திலும் கொசஸ்தலை ஆற்றிலும் வலை வீசும் மீனவர் ஒருவரிடம், உங்கள் பிள்ளைக்குக் கைவேலை பழக்குங்கள் என்று நாம் சொன்னால் அவர் ஐயத்தோடுதான் பார்ப்பார். சாம்பலும் கழிவும் கலந்த ஆற்றில் மீன் குறைந்துவிட்ட நிலையில், தன் பிள்ளையாவது படித்துக் கரையேறட்டும் என்பதே அவர் விருப்பம். ஆலையில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கும் தந்தையும் அதையேதான் விரும்புவார். கையில் கிரீஸ் படியாத வேலை பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்ற அவர்களுடைய ஏக்கத்தை எள்ளி நகையாட நமக்கு உரிமை இல்லை.

எனவே அளவுகோல் தெளிவாக இருக்க வேண்டும். பிள்ளையின் முன்னுள்ள வழிகளைக் குறைக்கும் கைவேலை அடிமைத்தனம்; அவ்வழிகளைப் பெருக்கும் கைவேலை கல்வி. கலங்கலில் வளர்ந்த உழவர் மகன் மோட்டாரைத் தொட்டது தந்தையின் தொழிலைத் தொடர அன்று. அதற்கு அப்பால் செல்ல. பள்ளி முழு நேரமும் நடக்கட்டும். பாடநூல் முழுமையாகப் படிக்கப்படட்டும். ஞாயிற்றுக்கிழமையின் 2 மணி நேரம் மட்டும் பெரியவரும் குழந்தையும் தரையில் ஒன்றாக உட்கார்ந்து எதையேனும் செய்யட்டும்.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. நுங்கு தின்ற பின் எஞ்சும் கூந்தல்களைக் குச்சியில் கோத்து வண்டி செய்த மரபு நம்முடையது. பனையோலையை மடித்துக் காற்றாடி செய்து, காற்றுக்கு எதிராக ஓடிய பிள்ளைகள் நம் பாட்டன்மார். சக்கரமும் அச்சும் உராய்வும் அந்த வண்டியில் இருந்தன. காற்றாலையின் இறக்கைக் கோணம் அந்த ஓலையில் இருந்தது. விளையாட்டு என்று நாம் அதை விட்டுவிட்டோம்.

நாயுடுவின் நினைவாக ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஓர் உலர் மின்கலம், இரண்டு ஊக்குகள், ஒரு ரப்பர் வளையம், பழைய ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த காந்தம், பூச்சிட்ட மெல்லிய தாமிரக் கம்பி. கம்பியை மின்கலத்தின் மீதே 10 சுற்றுச் சுற்றி வளையமாக்கி, இரு முனைகளையும் எதிரெதிரே நீட்டிவிட வேண்டும். ரப்பர் வளையத்தால் ஊக்குகளை மின்கலத்தின் இரு முனைகளிலும் நிறுத்தி, அவற்றின் துளைகளில் கம்பி முனைகளை நுழைத்து, கீழே காந்தத்தை வைத்தால், அதுவே ஒரு மின்மோட்டார்.

முதல் முறை அது பெரும்பாலும் சுழலாது. சற்றே நடுங்கி நின்றுவிடும். அங்கேதான் பாடம் தொடங்குகிறது. கம்பியின் ஒரு முனையில் பூச்சை முழுவதும் சுரண்ட வேண்டும். மறு முனையில் ஒரு பக்கத்தை மட்டும் சுரண்ட வேண்டும். இரு முனைகளிலும் முழுவதும் சுரண்டிவிட்டால், வளையம் அரைச் சுற்றுக்கு ஒரு திசையில் தள்ளப்பட்டு, அடுத்த அரைச் சுற்றில் எதிர்த் திசையில் தள்ளப்படும், அதனால் நின்றுபோகும். ஒரு பக்கம் பூச்சு இருந்தால் அந்த அரைச் சுற்றில் மின்சாரம் அறுந்து, வளையம் தன் வேகத்திலேயே கடந்துவிடும். ஏன் நின்றது என்று குழந்தை கேட்கும் வரை காத்திருப்பதுதான் பெரியவரின் வேலை. விடையை முதலில் சொல்லிவிட்டால் மோட்டார் சுழலும். குழந்தையின் அறிவு நின்ற இடத்திலேயே நிற்கும்.

சில எச்சரிக்கைகள் தேவை. வீட்டுச் சுவரின் மின்சாரத்தை இந்த விளையாட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. உலர் மின்கலம் போதும். கைப்பேசியின் மின்கலத்தைப் பிரிக்கவே கூடாது. கம்பி விரைவில் சூடேறும் என்பதால் நெடுநேரம் இணைப்பில் விடக் கூடாது. கருவியைப் பெரியவர் பிடித்துக் காட்டிவிட்டுப் பின்பு பிள்ளையிடம் கொடுத்துவிட வேண்டும். திரும்பப் பிடுங்கித் தானே செய்து முடிக்கும் பெற்றோரே இதில் பெரிய இடையூறு. ஆண் பிள்ளையை மட்டும் அழைத்து உட்கார வைத்துவிட்டு, பெண் குழந்தையைச் சமையலறைக்கு அனுப்பும் வழக்கமும் இத்தோடு ஒழிய வேண்டும்.

அந்தச் சிறு வளையம் சுழலும்போது அத்திப்பட்டுக் குழந்தைக்கு இன்னொன்றையும் சொல்லலாம். மின்சாரத்தைக் கொடுத்தால் வளையம் சுழல்கிறது. மறுதலையாக, காந்தப் புலத்தில் வளையத்தைச் சுழற்றினால் மின்சாரம் பிறக்கும். 1831-இல் இதைக் கண்டறிந்த மைக்கேல் ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். நம் ஊரின் அந்தப் பெரும் புகைபோக்கிகளுக்குக் கீழே நடப்பதும் அடிப்படையில் இதுவே. நிலக்கரி நீரைக் கொதிக்க வைக்கிறது. நீராவி சுழலியைச் சுற்றுகிறது. சுழலி மின்னாக்கியைச் சுற்றுகிறது. அன்றுவரை புகையும் சாம்பலுமாக மட்டும் தெரிந்த நிலையம், அன்று முதல் குழந்தைக்குப் புரிந்த ஒரு பொருளாகிவிடும். புரிந்துகொண்டவர்தான் சாம்பல் ஏன் ஆற்றில் கலக்கிறது என்றும் பிற்காலத்தில் தெளிவாகக் கேட்க முடியும்.

இதில் பெற்றோருக்கும் ஆதாயம் உண்டு. எட்டாம் வகுப்பைத் தாண்டிய பிள்ளையின் பாடத்தைச் சரிபார்க்க, ஆலையில் பிட்டராகவோ வெல்டராகவோ பணிபுரியும் தந்தையால் பல வீடுகளில் முடிவதில்லை. பிள்ளை படிக்கப் படிக்க, தந்தை ஒன்றும் அறியாதவர் என்ற எண்ணம் வீட்டுக்குள் மெல்ல நுழைகிறது. கண்ணால் பார்த்தே அரை மில்லிமீட்டர் வேறுபாட்டைச் சொல்லக்கூடிய மனிதர், தன் வீட்டில் வாய் மூடியிருக்கிறார். திருகாணியும் கம்பியும் நடுவில் வைக்கப்படும் நாளில் அந்த நிலை மாறும். எந்த மதிப்பெண் பட்டியலிலும் இடம்பெறாத தந்தையின் அறிவு, பிள்ளையின் கண்முன் மரியாதை பெறும். வலை பின்னும் தாயின் முடிச்சும், தையல் இயந்திரத்தில் அமரும் தாயின் அளவும் அவ்வாறே மரியாதை பெறும்.

அரசும் இத்திசையில் சில அடிகள் எடுத்துவைத்திருக்கிறது. 2022-இல் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளின் 6 முதல் 8-ஆம் வகுப்பு மாணவர்களிடம் அறிவியல் செயல்பாடுகளைக் கொண்டுசேர்க்கிறது. அது வரவேற்கத்தக்கது. ஆனால் பள்ளியில் ஒரு கருவியைச் சுற்றி முப்பது நாற்பது பிள்ளைகள் நிற்பார்கள். வீட்டில் ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் என்ற விகிதம் கிடைக்கும். உலகின் எந்தப் பணக்கார நாட்டுப் பள்ளியும் தர இயலாத விகிதம் அது.

ஆலை நிறுவனங்களும் உள்ளாட்சி அமைப்புகளும் இதற்கு எளிதில் துணை நிற்கலாம். பயன் முடிந்த சிறு மோட்டார்கள், பற்சக்கரங்கள், கம்பிச் சுருள்கள் ஆகியவற்றைத் தூய்மை செய்து, ஊர் நூலகத்தின் ஓர் அறையில் வைத்து, நூல்களைப் போலவே கருவிகளையும் இரவல் கொடுக்கலாம். பணி ஓய்வு பெற்ற தொழிலாளர்கள் வடசென்னையில் நிறைய இருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் அந்த அறையில் வந்து அமர அவர்களில் சிலரேனும் முன்வருவார்கள். தொழிற்சாலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்ததன் விலையை மட்டுமே இதுவரை கொடுத்து வந்த ஊர், அதன் பயனில் ஒரு சிறு பங்கையாவது தன் பிள்ளைகளுக்குப் பெற்றுத் தரட்டும்.

ஜி.டி. நாயுடுவைப் போன்ற இன்னொருவர் உருவாக வேண்டும் என்பது இதன் நோக்கம் அன்று. அவ்வாறானவர்கள் அரிதாகவே தோன்றுவார்கள். தோன்றினால் தம் வழியைத் தாமே கண்டுகொள்வார்கள். நம் கவலை மற்ற பிள்ளைகளைப் பற்றியது. தன் வீட்டில் இயங்கும் ஒரு பொருள் எப்படி இயங்குகிறது என்று கேட்கவும், திறந்து பார்க்கவும், மீண்டும் பூட்டவும் அவர்களுக்கு வாய்ப்பு வேண்டும். அதற்காக ஒரு பிள்ளை ஆண்டுக்கணக்கில் உணவகத்தில் தட்டு ஏந்திப் பணம் சேர்க்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது. அதே வாய்ப்பை இன்று ஒரு திருப்புளியும், பழுதான ஒரு விசிறியும், நம்முடைய 2 மணி நேரமும் தந்துவிடும்.